கேஸ் முடிஞ்சிடுச்சு

"கேஸ் முடிஞ்சிடுச்சு. மூணு பேரும் உடனே வாங்க."

குடும்பக் குழுவில் அம்மா அனுப்பிய செய்தி அவ்வளவுதான். காலை பதினொன்றே கால். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

மூத்தவன் வக்கீல். கோர்ட் வராந்தாவில் நின்று அதை இரண்டு தடவை படித்தான். அம்மா குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டு உரிமையாளர் போட்ட வழக்கு ஆறு வருடமாக நடக்கிறது. இன்னும் ஆறு வருடம் இழுக்க அவனிடம் சரக்கு இருந்தது. தன்னைக் கேட்காமல் அம்மா சமாதானமாகப் போய்விட்டாளா? எதிலாவது கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிட்டாளா?

ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

மகள் ஆஸ்பத்திரியில், இதய வார்டில் நர்ஸ். அங்கே கேஸ் என்றால் மனிதர். 'நாலாம் பெட் கேஸ் கஞ்சி குடிச்சாச்சா?' என்பார்கள். கேஸ் முடிந்தது என்பதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

அவள் வார்டில் கிடந்தவர்களில் அம்மாவுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். அம்மா வீட்டுக்கு மேலே, மாடியில் தனியாகக் குடியிருக்கும் பெரியவர். ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துவிட்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மாடி வீடு பிடித்தவர். நாலு மாதம் முன்புதான் ஆபரேஷன் முடிந்து நல்லபடியாகத் திரும்பியிருந்தார்.

பாவம், தங்கமான மனுஷன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழியில் ஒரு வெள்ளைப் பூங்கொத்து வாங்கினாள்.

கடைக்குட்டி பதறவே இல்லை. ஆபீஸ் கேன்டீனில் சமையல்காரன். கேஸ் முடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கா தெரியாது? ஒரு சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றினான். இங்கிலீஷில் அது வேறு வார்த்தை. தமிழில் எழுதினால் எல்லாம் ஒரே கேஸ்.

பன்னிரண்டரைக்கு மூவரும் வாசலில் முட்டிக்கொண்டார்கள். ஃபைல், பூங்கொத்து, சிலிண்டர்.

மூவரும் சேர்ந்து அந்த வாசலை மிதித்து ஒன்றரை வருடம் இருக்கும். இடையில் அம்மா நாலு தடவை கூப்பிட்டிருந்தாள். 'ஒரு விஷயம் பேசணும், ஒண்ணா வாங்க.' மகளுக்கு டியூட்டி மாறவில்லை. கடைக்குட்டிக்கு விருந்து ஆர்டர். மூத்தவன் நாலு தடவையும் வாய்தா வாங்கினான்.

கதவைத் திறந்தது மாடிக்காரர்.

இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. வழவழவென்று சவரம். மகள் கையில் இருந்ததைப் பார்த்து அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்காம்மா?"

இல்லையென்று சொல்ல முடியுமா? கொடுத்துவிட்டாள்.

கடைக்குட்டி நேராகச் சமையலறைக்குப் போய்ப் பழைய சிலிண்டரை அசைத்தான். அசையவில்லை. இன்னொரு தடவை தம் கட்டிப் பார்த்தான்.

"அம்மா, இது முழுசா இருக்கும்மா."

"தெரியும்டா, முந்தாநாள்தான் மாட்டினேன்" என்று உள்ளறையிலிருந்து பதில் வந்தது.

அம்மா முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் புரூஃப் ரீடர். ஒரு ஒற்று விட்டுப்போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. மூன்று அர்த்தம் வரும் வாக்கியத்தை அவள் கைதவறி எழுதியிருக்க மாட்டாள் என்பது பிள்ளைகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தலையை வாரிக்கொண்டே வெளியே வந்தாள். "மூணு சாட்சி வேணும். மூணரைக்கு ரெஜிஸ்தர் ஆபீஸ்ல இருக்கணும். முகத்தைக் கழுவிட்டு வாங்க."

யாருக்குக் கல்யாணம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மாடிக்காரர் பூங்கொத்துக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார்.

அப்பா போய் ஒன்பது வருடம். அதை ஞாபகப்படுத்துவதா வேண்டாமா என்று மகள் தடுமாறினாள். கடைசியில், "இந்த வயசுலயாம்மா?" என்றாள்.

"நீதானேடி அவரை இனிமே மாடி ஏறக் கூடாதுன்னு சொன்னே."

கடைக்குட்டி சிரித்துவிட்டான். மகளும் அடக்கிப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

மூத்தவன் சிரிக்கவில்லை. அவன் பிடி வேறு இடத்தில் இருந்தது. "அதெல்லாம் நெனச்சவுடனே நடக்காதும்மா. முப்பது நாள் முன்னாடியே நோட்டீஸ் ஒட்டணும். ஆட்சேபம் இருக்கிறவங்க வந்து சொல்ல அவகாசம் கொடுக்கணும். சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"அதனாலதான் கெளம்பச் சொல்றேன்" என்றாள் அம்மா.

ரெஜிஸ்தர் ஆபீஸ் கோர்ட் வளாகத்துக்குள்ளேயே, டீக்கடையை ஒட்டி இருந்தது. மற்றவர்கள் உள்ளே போக, மூத்தவன் மட்டும் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றுவிட்டான். வெயிலில் பழுத்த காகிதம். அம்மாவின் பெயர், வயது அறுபத்துமூன்று. பக்கத்தில் மாடிக்காரர், அறுபத்தாறு. கீழே அதிகாரியின் முத்திரை.

டீக்கடைக்காரர் வழக்கம்போலக் கேட்காமலே ஒரு கிளாஸை நீட்டினார். தினமும் பதினோரு மணிக்கு அவன் டீயோடு முதுகைச் சாய்த்துக்கொள்ளும் பலகை அது.

ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள், நேற்று.