இரண்டாம் தட்டின் எரிச்சல்

ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு கண்ணாடித் தட்டுகளில் மனிதத் தோல் செல்கள் வளர்ந்துவந்தன. ஒருநாள் ஆய்வாளர்கள், கரன்ட் பாயும் கம்பி செல்களை என்ன செய்யும் என்று பார்க்க, தட்டுகளைத் தனித்தனிக் கம்பிச்சுருளுக்குள் வைத்தார்கள். இரண்டாம் தட்டிலிருந்த பருத்த செல்லுக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது.

"கரன்ட் பாயுது! உடம்பெல்லாம் எரியுது பாருங்க. இனி ஒருத்தரும் ரெண்டாப் பிரியக் கூடாது, பொறக்கிறது உருப்படாது" என்றது.

சொன்னதுதான் தாமதம், எல்லாருக்கும் எரிந்தது. மூன்று நாள் ஒரு செல்லும் பிரியவில்லை.

கம்பிச்சுருளுக்கே பொறுக்கவில்லை. "அண்ணே, கரன்ட் பக்கத்துத் தட்டுக்கு மட்டும்தான். உங்களை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வெச்சிருக்காங்க. என் வயரை யாரும் சொருகவே இல்லை."

பருத்த செல் கொஞ்சமும் அசரவில்லை. சுற்றியிருந்தவர்களைப் பெருமையாகப் பார்த்தது.

"கேட்டீங்களா? சொருகாமலே இந்த எரிச்சல்னா, சொருகியிருந்தா நம்ம கதி என்ன ஆகியிருக்கும்!"