அழாத பிள்ளை

பேத்தியைப் பார்க்க அபிராமத்திலிருந்து தேவிபட்டினம் வந்த ராக்கு, மருமகள் நாகஜோதி தொட்டிலில் கிடந்த பிள்ளையின் தொடையைக் கிள்ளுவதைப் பார்த்துவிட்டாள்.

"அடி பாதகத்தி! பெத்தவ செய்யுற வேலையா இது?"

"அழுகுதான்னு பாத்தேன் அத்தை. பிறந்து ரெண்டு வாரமாச்சு, சத்தமா அழவே இல்ல. பாலுக்குக்கூட முழிக்கல."

"அழாத பிள்ளை கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்டி!"

"எங்கண்ணன் பிறந்தப்பவும் இப்படித்தான் சொன்னாகளாம்."

ராக்கு திரும்பிப் பார்த்தாள். அடுப்படி வாசலில் தாடி மீசையோடு மாரீஸ்வரன் வாயைத் திறந்து காத்திருக்க, சம்பந்தியம்மா சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்குச் சின்னதுல காய்ச்சல் வந்து மூளை பாதிச்சிருச்சுன்னுல சொன்னீக?"

"என் கல்யாணத்துக்காகச் சொன்ன பொய் அத்தை. அவனுக்குப் பிறவியிலேயே தைராய்டு சுரக்கல. அது இல்லாம மூளை வளராதாம். ரெண்டு வயசுலதான் தெரிஞ்சுச்சு. அப்புறம் மாத்திரை குடுத்தும் பிரயோசனமில்ல. இப்பவே கண்டுபிடிச்சா காப்பாத்திரலாமாம். காலையில பாப்பாவுக்கு ரத்தம் எடுத்திருக்காக. சாயங்காலம் ரிசல்ட்."

ராக்கு தொட்டிலருகே போய்க் குனிந்தாள். பேத்தியின் தொடையைக் கிள்ளினாள்.

"அழு தாயி... அழுதுரு."

குழந்தை மெதுவாகக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. மறுபடி தூங்கிவிட்டது.