நிரம்பிய நாற்காலிகள்

இந்த வேலையும் கைநழுவினால், தைபேயில் யூஷான் நடத்தும் இணையதள வடிவமைப்பு நிறுவனத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

தேயிலை வியாபாரி லியாவ் உள்ளே வந்தபோது, எல்லா நாற்காலிகளிலும் ஆட்கள் தலை நிமிராமல் கணினியில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை பேரா?"

"எல்லாம் நம்ம ஆளுங்கதான் ஐயா. உங்க வெப்சைட்ட ஜம்முனு முடிச்சுடுவோம்."

லியாவின் முகம் தொங்கிப்போயிற்று.

"போன தடவை பெரிய கம்பெனிகிட்ட மாட்டிக்கிட்டேன்மா. யாரைக் கேட்டாலும் 'அது என் வேலை இல்ல'ன்னாங்க. நீங்க மூணே பேருன்னு கேள்விப்பட்டுத்தான் தேடி வந்தேன். யாரோ தப்பா சொல்லிட்டாங்க போல. வர்றேன்."

யூஷான் உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் போய்விட்டார்.

மூலை நாற்காலியிலிருந்து கீழ்த்தளத்து நூடுல்ஸ் கடைக்காரர் எழுந்தார்.

"நல்லா நடிச்சோமா யூஷான்? அடுப்புல சூப் கொதிக்குது, கிளம்பட்டுமா?"

அவர் பின்னாலேயே மற்றவர்களும் இறங்கிப் போக, அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.