சம்பங்கிக்கு ஒரு மிஸ்டு கால்

"ஒண்ணு செல்லப் பாரு, இல்ல புள்ளயப் பாரு. ரெண்டையும் ஒண்ணாப் பாக்க உனக்கென்ன நாலு கண்ணா இருக்கு?"

தமிழ்செல்வி ஆண்டிபட்டியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, கர்நாடக எல்லையோரம் மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் சண்டை. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். படிப்போடு சேர்த்து வாய்க்கும் பட்டம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்பார் அப்பா.

அக்கா ராசாத்தியின் மடியில் இருபத்திரண்டு நாள் பெண் குழந்தை. பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுத்தே தீர வேண்டும், எடை ஏறாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட குழந்தை பத்து மணிப் பாலுக்கு வாய் வைத்ததுமே ராசாத்தியின் கை செல்போனைத் துழாவியது.

"ஒரே ஒரு மிஸ்டு கால்டி. அம்புட்டுத்தான்."

"எட்டு மணிக்கும் இதையேதான் சொன்ன. யாருக்கு? மாமா ஆறு மணி ஷிஃப்டுக்குப் போயாச்சு. கம்பெனிக்குள்ள செல்லு கொண்டு போகக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

ராசாத்தி குழந்தையின் மேல் கிடந்த முந்தானையைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டாள்.

"பால் குடிக்கிறப்ப அது உன் மூஞ்சியத்தான் பாக்குது. நீ பட்டன அமுக்கிட்டு இருந்தா, அது பாதி வயித்தோட தூங்கிருது. தலமாட்டுல வேற செல்ல வச்சிருக்க. மணியடிச்சா தூக்கித் தூக்கிப் போடுது பச்ச மண்ணு!"

தமிழ்செல்வி செல்லைப் பிடுங்கி, அணைத்து, பரணில் தூக்கி வைத்தாள்.

"செல்வி, குடுத்துருடி! காரணம் கேக்காத. வெளிய தெரிஞ்சா ஒருத்தர் சோத்துல மண்ணு விழுந்துரும்."

"யாரு சோத்துல?"

ராசாத்தி குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள்.

பன்னிரண்டு மணிக்குச் செல் இல்லாமலே பால் கொடுத்தாள் ராசாத்தி. குழந்தை அம்மாவை விழித்து விழித்துப் பார்த்துக்கொண்டு முழுசாக அரை மணி நேரம் குடித்தது. "பாத்தியா!" என்று தமிழ்செல்வி துள்ளினாள். ராசாத்தியோ பரணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றே முக்காலுக்கு அவள் குளிக்கப் போனதும் தமிழ்செல்வி செல்லை இறக்கி உயிர் கொடுத்தாள். போன அழைப்புகளைப் பார்த்தாள். சம்பங்கி. சம்பங்கி. சம்பங்கி. எல்லாம் மாமா வேலைக்குப் போயிருக்கும் நேரம். அவர் வீட்டில் இருக்கும்போது ஒன்றுகூட இல்லை.

'பூப் பேரு. பொம்பளதான்' என்று அவள் மூச்சு விட்ட நேரத்தில் செல் அதிர்ந்தது. சம்பங்கி!

"ஹலோ…" ஆண் குரல்!

தமிழ்செல்வி செல்லைக் காதோடு அழுத்தினாள். டவர் கர்நாடகாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் மாறி மாறித் தாவியதில் பாதிப் பேச்சுதான் காதில் விழுந்தது.

"…ஊரு… ஆய்த்தா?"

ஊருக்கு ஆயத்தமா? அடப்பாவி! பச்சை உடம்புக்காரியை, கைக்குழந்தையோடு, எந்த ஊருக்குக் கிளப்பப் பார்க்கிறான்?

"ஆயத்தமாத்தான் இருக்கா! ஆம்பளயா இருந்தா நேர்ல வாய்யா!"

"அய்யோ!" என்றது குரல். துண்டித்துவிட்டது.

தமிழ்செல்வி கதவைத் தாழிட்டாள். அக்காவின் துணிப்பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஈரத் தலையோடு வந்த ராசாத்தியை மறித்தாள்.

"எந்த ஊருக்குக்கா?"

"என்னடி ஊரு?"

"சம்பங்கியோட போற ஊரு!"

ராசாத்தி பரணை அண்ணாந்து பார்த்தாள். "அவர்கிட்ட பேசிட்டியா? போச்சு!"

"அவராம்ல, அவரு!"

அப்போது தெருவே அதிர ஹாரன் ஒலித்தது. எப்போதும் மெயின் ரோட்டிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போகிற கம்பெனி பஸ், ஷிஃப்டு முடிந்ததும் நேராகச் சந்துக்குள் நுழைந்து, வீட்டு வாசலை அடைத்து நின்றது. ராசாத்தி ஓடிப்போய்த் தாழை நீக்கினாள். பஸ்ஸில் ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். நிற்பதற்குள் குதித்து ஓடி வந்தான் பூபதி, ராசாத்தியின் கணவன். அவனுக்குப் பின்னால், செக்யூரிட்டி உடுப்பில், நரைத்த மீசையோடு அறுபது வயதுக்காரர் ஒருவர் இரைக்க இரைக்க வந்தார்.

"புள்ளைக்கு என்னாச்சு ராசாத்தி? ஆறு மணிக்கு வந்துச்சு, எட்டு மணிக்கு வந்துச்சு. அப்புறம் ஏன் வரல? பால் குடிக்கலயா?"

"மாமா, யாரு இந்தாளு?"

"எங்க கேட் செக்யூரிட்டிம்மா. சம்பங்கி அண்ணன்."

பெரியவர் கைகூப்பினார். "மூரு ஆய்த்தான்னு கேட்டேன் தாயி. எங்க கன்னடத்துல, மூணு ஆச்சான்னு அர்த்தம். ஒவ்வொரு வாட்டி பால் குடிச்சதும் ஒரு மிஸ்டு கால் வரும். பூபதி தண்ணி குடிக்க வெளிய வர்றப்ப நான் தூரத்துல இருந்து விரலக் காட்டுவேன். நீ நேர்ல வான்னதும் பாப்பாவுக்குத்தான் ஏதோன்னு பயந்துட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "கேட்ல செல்ல வச்சிருக்கறது மேனேஜருக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும். யார்கிட்டயும் சொல்லிராதே, ஆமா."

தமிழ்செல்வி கட்டிலுக்கு அடியில் கிடந்த துணிப்பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள். பிறகு பஸ்ஸுக்கே கேட்கும்படி கத்தினாள்: "மூணும் ஆச்சு, நாலும் ஆச்சு! நாலாவதுக்கு அரை மணி நேரம் குடிச்சிருக்கா!"

பஸ்ஸுக்குள் விசில் பறந்தது. சூப்பர்வைசர் சின்னராஜ் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"நாலாம்ப்பா! பாப்பா டார்கெட் முடிஞ்சதுன்னு மேனேஜருக்குப் போனப் போடுங்க. புரொடக்‌ஷன் போர்டுல எழுதறதுக்குப் பத்து மணியிலிருந்து சாக்பீசும் கையுமா நிக்கிறாரு மனுஷன்!"