மரவட்டையின் மிச்சக் கால்கள்

தையல்சிட்டு அக்கா மூன்று துணிகளைப் பக்கம் பக்கமாக விரித்தாள். "உங்க உங்க உருவத்தை நீங்களே தைங்க. அப்புறம் எல்லாத்தையும் இணைச்சுப் போர்வையாக்கலாம்."

அணில் மூன்று கோடும் ஒரு வாலும் போட்டு முடித்தது. தவளைக்கு இரண்டு பெரிய கண்ணே போதுமாயிருந்தது. மரவட்டைதான் பாவம், எழுபதாவது காலிலேயே துணி தீர்ந்துவிட்டது. மிச்சக் கால்களை விட மனசில்லாமல் பக்கத்துத் துணிகளிலும் தைத்துக்கொண்டே போனது.

"அக்கா, என் மேலே இவன் காலு!" என்று தவளை கத்தியது.

"என் வாலிலேயும்!" என்றது அணில்.

மரவட்டை வெட்கத்தில் சுருண்டுகொண்டது.

பிரித்துவிடலாமென்று அக்கா தவளையின் துணியைத் தூக்கினாள். மூன்றும் சேர்ந்தே வந்தன. இழுத்துப் பார்த்தாள். ஒரு தையல்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

"அடேங்கப்பா, போர்வை முடிஞ்சுபோச்சே!" என்று மற்றவர்கள் குதித்தார்கள்.

"எங்கே முடிஞ்சுது?" என்றது சுருளுக்குள்ளிருந்து மரவட்டை. "இன்னும் பதினெட்டு கால் இருக்கு."