நாற்காலியில் மூன்று மணி நேரம்

அவர் உட்கார்ந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

அடுக்களை வாசலில் நின்று அவள் கூடத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டிலில் கிடந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் போட வேண்டும். நாற்காலி என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. உடம்பின் பாரமெல்லாம் வால் எலும்பில் இறங்கும். எலும்புக்கும் பலகைக்கும் நடுவில் சிக்கிய சதைக்குள் ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடம் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும்.

பதினோரு வருடமாக வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். போன வீட்டில் வாதத்தில் கிடந்த அம்மாளுக்குச் சின்னச் சிவப்பாகத்தான் ஆரம்பித்தது. கடைசியில் முஷ்டி நுழைகிற அளவுக்குக் குழி. அந்த அம்மாளைக் கொண்டுபோனது வாதம் இல்லை, அந்தக் குழிதான்.

இவருக்கென்று காற்றடைத்த மெத்தை ஒன்று இருந்தது. மகன் மோகனசுந்தரம் காலையிலேயே அதைப் பரணில் போட்டுவிட்டான். ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருக்கிறதாம்.

அவளும் ஆஸ்பத்திரி ஆள் மாதிரி இருக்கக் கூடாது என்றார்கள். மகள் சுகந்தியே தன் பட்டுச்சேலையைக் கொடுத்து, நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டையும் ஒட்டிவிட்டாள். யாராவது கேட்டால் ஒன்றுவிட்ட அத்தை. வேதக்காரியான அமலோற்பவம், மனசுக்குள் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அத்தை ஆனாள்.

அந்தப் பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. தாயில்லாத பெண். முப்பத்து மூன்று வயது. இரண்டு இடம் கூடி வந்து கலைந்துபோனது. அப்பாவுக்குப் பக்கவாதம் என்று தெரிந்ததும் ஒரு வீட்டில் போனையே எடுக்கவில்லை. இன்னொரு வீட்டில் முகத்துக்கு நேரே கேட்டார்கள், நாளைக்குப் பிறக்கிற குழந்தைக்கும் வருமா என்று.

ஆகவே இன்று பக்கவாதம் இல்லை. வெறும் மூட்டு வலி. விழுந்துபோன வலது கையைச் சால்வை மூடியிருந்தது. பேச்சு போன வாய்க்குத்தான் வழி தெரியாமல் முழித்தார்கள். நாள் சஷ்டியாக அமைந்தது. அப்பா இன்றைக்கு மௌன விரதம் என்று மோகன் சொல்லிவிட்டான்.

அதுதான் வினையாகப் போனது.

கரூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் உருகிவிட்டார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்றார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தான் பழனிக்கு நடந்துபோன கதையைத் தொடங்கினார். குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள் அவருக்கு ஆயுசில் கிடைத்ததில்லை போலிருக்கிறது. அரவக்குறிச்சி தாண்டவே அரைமணி ஆனது.

இரண்டேகால் மணி நேரம்.

அவர் மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது.

அமலோற்பவம் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். காபி டம்ளரை எடுக்கிற சாக்கில் குனிந்து, அவர் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்தாள். ஒரு பக்கமாகச் சாய்த்தால் போதும். இரண்டு நிமிஷம். ரத்தம் உள்ளே போய்விட்டு வரும்.

அவருடைய இடது கை அவள் கையைத் தள்ளியது.

மெதுவாகத்தான் தள்ளினார். புரட்டிப் போட ஐந்து நிமிஷம் பிந்தினால் கட்டில் கம்பியைத் தட்டி ஊரைக் கூட்டுகிற மனுஷன். இப்போது அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எதிரே, மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வந்தது வந்தோம், பூ வைத்துவிட்டே போகலாம் என்றார்கள். பூ வைத்தார்கள். காலண்டரை எடுத்து வரச் சொன்னார்கள். அதைப் புரட்டிக்கொண்டே இன்னொரு சுற்றுக் காபி குடித்தார்கள்.

அவர்களுடைய கார் கிளம்பியபோது மூன்று மணி நேரம் தாண்டியிருந்தது.

மோகன் ஒரு பக்கம் பிடிக்க, அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். அவன் உறவுக்காரர்களுக்குச் சொல்ல போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினான். அவள் அவரைச் சுவரைப் பார்க்க வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வேட்டியைத் தளர்த்தி இறக்கினாள்.

உள்ளங்கை அகலத்துக்கு ஊதா.

கட்டைவிரலால் அழுத்தினாள். நல்ல சதை என்றால் வெளுக்கும், விரலை எடுத்ததும் சிவக்கும். வெளுக்கவில்லை. இன்னொரு இடத்தில் அழுத்திப் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

சர்க்கரை உடம்பு வேறு. மூன்று நாளில் தோல் விட்டுவிடும். இன்றே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். மோகனைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

வாசலில் சுகந்தி வந்து நின்றாள். தலை நிறையப் பூ. அழுதிருந்தாள், அது சந்தோஷ அழுகை. தை இருபத்து நாலு என்று முடிவாகிவிட்டதாம். அதற்குள் அப்பாவுக்குப் பட்டு வேட்டி எடுக்க வேண்டுமாம். உள்ளே வரக்கூடப் பொறுமை இல்லாமல் அங்கிருந்தே கேட்டாள்.

"முகூர்த்தத்துக்கும் அப்பா இதே மாதிரி உக்காந்துருவாருல்லக்கா? தொண்ட கட்டிருச்சுன்னு சொல்லிக்கலாம்னு அண்ணன் சொல்லுது."

சுவரைப் பார்த்துக் கிடந்தவரின் இடது கை முதுகுப் பக்கமாக வந்து துழாவியது. வேட்டியின் விளிம்பு அகப்பட்டது. அதைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்து, அந்த இடத்தை மூடிக்கொண்டார்.

சுகந்தி பதிலுக்காக நின்றிருந்தாள்.

அந்தக் கையில் பெரிய பலம் ஒன்றும் இல்லை. அமலோற்பவம் நினைத்திருந்தால் ஒரு விரலால் வேட்டியை விலக்கியிருக்கலாம்.