பனைமரத்துக் குழாய்

சுவிட்சர்லாந்திலிருந்து பவளப்பாறை ஆராய்ச்சிக்கென்று பாம்பனுக்கு வந்த கார்ல் வெபருக்கு மூன்று வருடத்தில் வெயில் பழகிவிட்டது. காரம் பழகிவிட்டது. சீனி முகம்மதுவின் டீக்கடைப் பாட்டு மட்டும் பழகவே இல்லை.

வெபரைச் சொல்லிக் குற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பளத்தை உதறியதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போகிற ஊரில் பிறந்தவர். இங்கேயோ அவர் ஜன்னலுக்கு எதிரே ஒரு பனைமரம், அதன் உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய், விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை சினிமாப் பாட்டு.

வந்த புதிதில் கடைக்குப் போய்ப் பணிவாகச் சொன்னார். "உங்கள் பாட்டு என் வீட்டுக்குள் கேட்கிறது."

"நல்லாக் கேக்குதா சார்?" என்றார் சீனி முகம்மது, முகமெல்லாம் பூரித்து.

மறுநாள் குழாய் நேராக வெபரின் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. விருந்தாளிக்கு மரியாதை என்று சீனி முகம்மதுவே மரமேறித் திருப்பி வைத்தாராம்.

பிறகொரு நாள் சுற்றி வளைக்காமல் கேட்டார் வெபர். "இதை நிறுத்தக் கூடாதா?"

"நிப்பாட்டுறதா? கடை நொடிச்சுப் போச்சுன்னு ஊரு பூராப் பேசுவாக சார். சத்தமில்லாத கடை எழவு வீடு மாதிரில்ல!" என்று கத்தினார் சீனி முகம்மது. மெதுவாகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. கடல் காற்று காதுக்கு ஆகாதென்று இரண்டு காதிலும் எப்போதும் பஞ்சு வைத்திருப்பார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். பாட்டு பிடிக்காத ஒரு மனிதனை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை என்பது போல வெபரைப் பார்த்தார்கள்.

ஒரு புதன்கிழமை காலை இசைத்தட்டு கீறல் விழுந்து, ஒரே அடியை அரைமணி நேரம் பாடியது. பாதி சவரத்தோடு, கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்த வெபர், புத்தகத்தில் படித்த சுத்தத் தமிழில், இருபது பேர் முன்னிலையில் முழங்கினார். "ஒருநாள் இந்தக் குழாயைக் கழற்றிக் கடலில் எறிந்துவிடுவேன்!"

வெள்ளிக்கிழமை மதியம் பாட்டை நிறுத்தி, கடையைச் சாத்திவிட்டுத் தொழுகைக்குப் போனார் சீனி முகம்மது. தொழுகை முடிந்து எல்லாரும் திரும்பியபோது பனையில் குழாய் இல்லை.

மறுநாள் ஏட்டு சந்தனம் நேராக வெபர் வீட்டுக்குத்தான் வந்தார். "நேத்து மத்தியானம் எங்கன சார் இருந்தீக?"

"வீட்டில். தனியாக."

"பாத்தவுக யாரும் உண்டா?"

யாருமில்லை. திருட்டு வழக்கு பதிவானால் ஒரு வாரத்தில் நாட்டை விட்டுக் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். மூன்று வருட உழைப்பு பாதியில் நிற்கும். இதையெல்லாம் வெபர் ஏட்டிடம் கொட்டித் தீர்த்தார். அவர் சொன்னதை எழுதிக்கொண்டு ஏட்டு சாட்சி விசாரிக்கப் போனார்.

அதன்பிறகு நடந்ததுதான் வெபருக்குப் புரியவில்லை.

"வெள்ளக்காரரா? மத்தியானம் பூரா எங்க வாசல்ல ஒக்காந்து சங்கு பொறுக்கிக்கிட்டு இருந்தாரு" என்றாள் மீன்காரி யாகப்பம்மாள். டீச்சர் இராமலட்சுமியோ அவர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தேசப்படம் வரைந்து காட்டியதாகச் சொன்னார். "ஏட்டையா, அவரு விடியக்கால என் வள்ளத்துல காரங்காட்டுக்குப் போனவரு, ராத்திரிதானே திரும்புனாரு!" என்று சத்தியம் செய்தார் வள்ளக்காரர் நெய்னா முகம்மது.

"ஒரே நேரத்துல மூணு எடத்துல இருந்திருக்கீக சார்" என்று பெருமூச்சு விட்டார் சந்தனம். "நாலாவதா வீட்டுலயும் இருந்திருக்கீக."

கடைசியில் சீனி முகம்மதுவே ஸ்டேஷனுக்கு ஓடிவந்தார். "புகாரும் வேணாம், ஒண்ணும் வேணாம் ஏட்டையா. பாம்பன் காத்து ஆளையே தூக்கும், கொழாயத் தூக்காதா? ஒரு தகரத்துக்காக இந்த மனுசன ஊர விட்டு வெரட்டுனா பாவம் எனக்குத்தான்."

வெபர் அழுதே விட்டார். இந்தச் சத்தக்கார ஜனங்களுக்குள் இவ்வளவு அன்பா! அன்றிரவே தங்கைக்குக் கடிதம் எழுதினார்: 'நம் ஊரில் அமைதி இருக்கிறது, மனிதர்கள் இல்லை.'

ஆனால் டீக்கடையைக் கடக்கும்போதெல்லாம் மனசு உறுத்தியது. "பாட்டு இல்லாம எழவு வீடாவுல்ல கெடக்கு" என்று அங்கே தினமும் யாராவது ஒருவர் உச்சுக்கொட்ட, மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். சீனி முகம்மது காதில் பஞ்சுகூட இல்லாமல் பேசாமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாத துக்கம் போலிருக்கிறது என்று வெபர் நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் மதுரையிலிருந்து ரயிலில் ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. ஊரைக் கூட்டி, கடை வாசலில் வைத்து வெபரே அதைத் திறந்தார். உள்ளே புத்தம்புதுக் குழாய். பழையதைப் போல இரண்டு மடங்கு.

"என் நன்றி" என்றார், கைகூப்பி.

யாகப்பம்மாள் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இராமலட்சுமி டீச்சர் தரையைப் பார்த்தார். நெய்னா முகம்மது இரண்டு தரம் இருமினார். சந்தோஷத்தில் ஊரே வாயடைத்துப் போய்விட்டதாக வெபருக்குத் தோன்றியது. கண்கலங்க மரமேறி, சீனி முகம்மது குழாயைக் கட்டிவிட்டு இறங்கினார். மறுபடி காதில் பஞ்சைத் திணித்துக்கொண்டு இசைத்தட்டைப் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், கடையைச் சாத்திய கையோடு பனையில் ஏறி, போன தடவை போட்ட அதே பாழுங்கிணற்றில் இதையும் கழற்றிப் போட சீனி முகம்மதுவுக்குப் பாதி நேரம்கூட ஆகவில்லை.